பாசிக்கு அனுமதி, கிளிக்குக் கையெழுத்து

அன்று மேடையில் நான் சொன்னது இவ்வளவுதான். “இந்தப் பாசி எனக்குத் தெரிந்து ஒரு பாறையில்தான் இருக்கிறது. இந்தக் கிளி ஊரெல்லாம் இருக்கிறது, எங்கள் வீட்டுக் கூண்டில்கூட ஒன்று இருக்கிறது.” கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து நாள் கழித்து அந்தக் கூண்டு எங்கள் வீட்டு முற்றத்தில் கதவு திறந்தபடி காலியாகத் தொங்கியது.

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. வீடு கரமனையில், ஆற்றுக்கு இறங்கும் அக்ரஹாரத் தெரு ஒன்றில். கணவர் இறந்து ஆறு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நானும் அவருடைய அக்காவும் மட்டும்தான். நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவள். எந்தக் காகிதத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்காமல் கீழே வைக்க மாட்டாள், மளிகைக் கடை ரசீதானாலும் சரி.

கிளியைக் கொண்டுவந்தது அவள்தான். பதினோரு வருஷம் முன்பு ஆற்றங்கரையில் தலை காய்ந்து நின்ற ஒரு தென்னையை வெட்டினார்கள். மரத்தின் பொந்தில் மூன்று குஞ்சுகள் இருந்திருக்கின்றன. விழுந்த அதிர்ச்சியில் இரண்டு செத்துவிட்டன. மூன்றாவதை அக்கா புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துவந்தாள். இறகு முளைக்காத, கண் திறக்காத ஒரு சதைத்துண்டு. பிழைக்காது என்று நான் சொன்னேன். அவள் பேனாவுக்கு மை விடும் ஃபில்லரைக் கொதிநீரில் கழுவி, குழைந்த சாதத்தைக் கரைத்து இரண்டு மணிக்கொரு தரம் ஊட்டினாள். அலுவலகத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டாள். தம்பியின் கல்யாணத்துக்கே மூன்று நாள்தான் லீவு எடுத்தவள் என்று என் கணவர் சொல்லிச் சிரித்தார்.

பெயர் எதுவும் வைக்கவில்லை. ‘தத்தே’ என்றுதான் கூப்பிட்டாள். மலையாளத்தில் தத்தை என்றால் எல்லாக் கிளிக்கும் அதுதான் பெயர். கழுத்தில் வளையம் இல்லாததால் பெண் என்று நினைத்திருந்தோம். மூன்றாம் வருஷம் கறுப்பும் ரோஜா நிறமுமாக வளையம் வந்தது. “ஆம்பிளையாக்கும் இது” என்று அக்காவுக்கு ஒரே கூச்சம். ஒரு வாரம் அதன் எதிரில் தலை வாரிக்கொள்ளவில்லை. பிறகு பழகிவிட்டது.

எனக்கு அந்தக் கிளியைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அது இருப்பதை நான் பொருட்படுத்தியதில்லை, அவ்வளவுதான். குக்கர் விசில் போல் கத்தும், நான் ஓடிப்போய் அடுப்பைப் பார்ப்பேன். புத்தகத்தின் முதுகைக் கொத்திக் கிழிக்கும். ஒரு நாள் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று கூண்டுக் கதவை அடித்துச் சாத்தினேன். அதன் இடது கால் விரல் நடுவில் மாட்டிக்கொண்டது. முன்விரல் ஒன்றின் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அக்கா மஞ்சளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஒரு நகம்தானே, முளைத்துவிடும் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். முளைக்கவில்லை.

என் கவனமெல்லாம் பாசியில் இருந்தது. தமிழில் எல்லாமே பாசிதான். குளத்தில் மிதப்பதும் பாசி, கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசி. மலையாளத்திலும் அப்படித்தான், எல்லாம் பாயல். நான் தேடியது பாறையிலும் மரப்பட்டையிலும் மெத்தை போல ஒட்டி வளரும் குட்டிச் செடியை. இலை உண்டு, தண்டு உண்டு, ஆனால் மொத்தச் செடியும் ஓர் அரிசியின் நீளம் இருக்காது. அதிலும் ஒரு குறிப்பிட்ட வகையைத் தேடிக்கொண்டிருந்தேன். உலர்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கும் பழைய ஹெர்பேரியம் ஒன்றில், இந்த மலைகளில் எப்போதோ எடுத்த ஒரே ஒரு பொட்டலம் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் பார்த்ததாக எழுதவில்லை. ஒன்பது மழைக்காலம் நான் பாறை பாறையாக முகத்தை வைத்துத் தேடினேன்.

கடைசியில் அதைக் காட்டியது போனக்காட்டில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். அவளுடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் அவள் வீட்டு வாசலில் மழைக்கு ஒதுங்கியபோது, பையிலிருந்து பாசியின் படத்தை எடுத்துக் காட்டினேன். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்க ஓடையில ஒரு பாறை இருக்கு டீச்சர். அதுல மட்டும் செவப்பு முடி மொளைக்கும்” என்றாள்.

சிவப்பு முடி என்று அவள் சொன்னது பாசியின் வித்துப்பையைத் தாங்கும் காம்புகளை. அந்தப் பாறையில் மூன்று திட்டுகள் இருந்தன. ஒன்று உள்ளங்கை அளவு. ஒன்று வெற்றிலை அளவு. இன்னொன்று அதைவிடச் சிறியது. லென்ஸை வைத்துப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. அந்த ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. ஒரு திட்டிலிருந்து ஓரமாகக் கொஞ்சம் கிள்ளி எடுக்கலாம், மிச்சத்தை விட்டுவிட வேண்டும். மாணவிகளுக்கு வருஷா வருஷம் நானே சொல்லிக்கொடுப்பது. வனத்துறை எனக்குக் கொடுத்திருந்த அனுமதிக் கடிதத்திலும் ஆய்வுக்குத் தேவையான சிறு அளவு என்றுதான் இருந்தது. முதலில் நானும் ஓரத்தில்தான் கத்தியை வைத்தேன். அப்போது வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரின் ஞாபகம் வந்தது. அதே மலையில் அதே பாசியைத் தேடி அவரும் அனுமதி கேட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் விட்டுவைத்தால் அவர் வந்து எடுப்பார். எடுத்து எனக்கு முன்னால் எழுதிவிடுவார். அந்த நினைப்பு வந்த பிறகு என் கை நிற்கவில்லை. உள்ளங்கைத் திட்டு முழுவதும் வந்தது. அடுத்து வெற்றிலைத் திட்டு. சின்னதில்தான் காம்புகள் அதிகம் இருந்தன, அதையும் வழித்தேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெண் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாத்தையுமா டீச்சர்?” என்றாள்.

“திரும்ப வளரும்” என்றேன். வளருமா என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து உலர்த்தியபோது பதினான்கு பொட்டலம் தேறியது. பொட்டலங்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது அக்கா. அவள் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் எப்போதும் அவளிடம்தான் கொடுப்பேன். இடம், தேதி, உயரம், எடுத்தவர் பெயர் என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பதினான்கு தடவை எழுதினாள். தோளில் கிளி. எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது, “பாறையில மிச்சம் வெச்சியோ?” என்று கேட்டாள். எழுதியவற்றில் எல்லாம் ஒரே பாறை என்று இருந்ததால் கேட்டிருப்பாள்.

“வெச்சேன் அக்கா” என்றேன்.

கட்டுரை வெளிவந்தது. கல்லூரியில் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த மழையில் தனியாகப் போய்ப் பார்த்தேன். மூன்று திட்டும் இருந்த இடத்தில் பாறை வெறுமையாக இருந்தது. என் கத்தி கீறிய வெள்ளைக் கோடுகள்கூட இருந்தன. அந்தப் பெண்ணைத் தேடிப்போய், வேறு யாராவது வந்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே குடித்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேறு பாறைகளில் தேட வேண்டும் என்று சொல்லி அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பம் மட்டும் கொடுத்தேன்.

இந்த நிலையில்தான் நூலகம் ஒன்றில் பேசக் கூப்பிட்டார்கள். அரிய உயிர்களைப் பற்றிப் பேச வேண்டும். பாசியின் படத்தையும் பச்சைக்கிளியின் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். கிளிக்கு ஆலமரம் வேண்டாம், காடு வேண்டாம், மொட்டைத் தென்னை இருந்தாலே போதும், மாடியில் காயப்போட்ட வற்றலைத் தின்றே பெருகிவிடும் என்றேன். பாசிக்கு அப்படியில்லை. ஒரே பாறை, ஒரே ஈரம், ஒரே நிழல். கிளியைப் பார்த்து ஆசைப்படுகிறோம், ஏனென்றால் அது பேசுகிறது. பேசாத ஒன்றைக் காப்பாற்றத்தான் நமக்கு அறிவு வேண்டும் என்றேன். கைதட்டினார்கள். அந்தப் பாறை காலியாகி இரண்டு வருஷமாகிவிட்டது என்பதைச் சொல்லாமல், இருக்கிறது, இருக்கிறது என்றே ஒரு மணி நேரம் பேசினேன். வீட்டுக் கிளியைப் பற்றிச் சொன்னதும் அந்த உற்சாகத்தில்தான். யாரோ அதை வீடியோ எடுத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை டிபார்ட்மென்டில் இருந்தபோது ஃபோன் வந்தது. பேசியவர் எனக்குத் தெரிந்த வனத்துறை அதிகாரி. மரியாதையானவர். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று டீச்சருக்குத் தெரியாமல் இருக்காது, யாரோ வீடியோவோடு புகார் அனுப்பியிருக்கிறார்கள், நீங்களாகவே ஒப்படைத்துவிட்டால் கேஸ் எதுவும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வியாழக்கிழமை காலை ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன். வைக்கும் முன், என் அனுமதிக் கடிதம் தன் மேஜையில் இருக்கிறது, மாதம் முடிவதற்குள் வந்துவிடும் என்றும் சொன்னார்.

அவர் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. முடிச்சுப் போட்டது நான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒரு விநாடிகூட யோசிக்காமல் சரி என்றேன்.

மூன்று நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை அக்கா சாலைச் சந்தையிலிருந்து பழுத்த கோவைக்காய் வாங்கிவந்து ஒவ்வொன்றாகக் கூண்டுக் கம்பியில் செருகினாள். சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன். “எந்தா, இப்படிப் பாத்துண்டு நிக்கறாய்?” என்றாள். தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சொன்னால் எங்காவது ஒளித்துவைத்துவிடுவாள், பிறகு அவள் மேலேயே கேஸ் வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் ஒரு நாளும் அரசாங்கத்திடமிருந்து எதையும் ஒளித்தவள் இல்லை. அது எனக்கும் தெரியும்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். ஏன் என்று கேட்டாள். வனத்துறையிலிருந்து ஆள் வருகிறார்கள், பாசி விஷயமாக என்றேன். அக்கா குளித்து நல்ல புடவை கட்டிக்கொண்டு, புது டிகாக்‌ஷன் இறக்கி, நல்ல டம்ளர்களைத் துடைத்து வைத்தாள்.

இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் வந்தார்கள். உட்காரச் சொல்லி அக்கா காப்பி கொடுத்தாள். அவர்களுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும், பாதியில் டம்ளரை வைத்துவிட்டு அந்தப் பெண் மலையாளத்தில் மெதுவாக, கிளி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, “சட்டம் அப்படியாக்கும், அக்கா” என்றேன்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. கண்ணாடியை எடுத்து வரச் சொன்னாள். அவர்கள் நீட்டிய காகிதத்தை முழுக்கப் படித்தாள். இரண்டு தாள்தான், அதைப் படிக்க அவளுக்கு வெகுநேரமானது. பிறகு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கூண்டைத் திறந்து அவளே கையை விட்டுக் கிளியை எடுத்தாள். தாங்கள் கொண்டுவந்திருந்த அட்டைப் பெட்டியை அந்தப் பெண் பிடித்துக்கொள்ள, அக்காவே உள்ளே விட்டாள். மூடியதும் அது கத்தியது. வாசல் வரைக்கும் கத்தியது. ஜீப்பில் வைக்கும்போது பெட்டிக்குள்ளிருந்து குக்கர் விசில் கேட்டது. அந்தப் பெண் திரும்பி எங்கள் சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அக்கா பேசினாள். பழைய ஃபைலிலிருந்து வாசிப்பது போல நிதானமாகச் சொன்னாள்.

“பாயல் எடுக்கறதுக்கு உனக்குப் பேப்பர் தந்தா. தத்தையை வெச்சுண்டதுக்கு என் கிட்ட பேப்பர்ல ஒப்பு வாங்கிண்டா. ஒரு பாறையில மாத்ரம் இருக்கறதை நீ எடுத்தாய். ஊரெல்லாம் இருக்கறதுல ஒண்ணை நான் எடுத்தேன். இதுல கணக்கு என்னன்னு எனக்குப் புரியலை, கேட்டியா.”

மோரை ஊற்றிக்கொண்டு மீதியைச் சாப்பிட்டாள். நான் தட்டை நகர்த்தி வைத்தேன். மேடையில் நான் சொன்ன வாதத்தையே அவள் திருப்பிச் சொல்லியிருந்தாள். அரிது, சாதாரணம் என்று நான் பிரித்துவைத்திருந்ததில் அவளுடைய கிளி எந்தப் பக்கத்திலும் இல்லை. அதைப் போல ஆயிரம் கிளி ஊரில் இருக்கலாம். அதைப் பொந்திலிருந்து எடுத்து, மை ஃபில்லரால் ஊட்டி, பதினோரு வருஷம் தோளில் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஒப்படைத்த கிளிகளை மலையடிவாரத்தில் ஒரு காப்பகத்தில் வைத்திருந்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கலாம் என்று தெரிந்ததும் அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். நாலு ஆள் உயரத்துக்கு வலை அடித்த பெரிய கூண்டு. உள்ளே நாற்பது கிளியாவது இருக்கும். எல்லாம் பச்சை, எல்லாம் ஒரே சத்தம். அக்கா வலையைப் பிடித்துக்கொண்டு “தத்தே” என்றாள். நாலைந்து கிளிகள் திரும்பின, எல்லாமே யாரோ ஒருவர் வீட்டில் தத்தையாக இருந்தவைதானே. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேல் கிளையில் மினுமினுப்பாக உட்கார்ந்திருந்த ஒன்றைக் காட்டி, “அதாக்கும். பாரு, நன்னாயிருக்கு” என்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

அந்தக் கிளியின் கால்களைப் பார்த்தேன். எல்லா நகமும் இருந்தது. பிறகு மற்றக் கிளிகளைப் பார்த்தேன். சின்னதைத் தேடிப் பழகிய கண் எனக்கு. எங்கள் கிளி கீழே பின்பக்க மூலையில், மற்றவற்றோடு சேராமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. இடது காலில் ஒரு நகம் இல்லை. நெஞ்சில் இறகே இல்லாமல் தோல் தெரிந்தது. தானே பிடுங்கிக்கொண்டிருக்கிறது. மனிதரோடு பழகியவை சில நாள் அப்படிச் செய்யும், மருந்து கொடுக்கிறோம் என்று காப்பாளர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அக்காவுக்கு ஒரு கண்ணில் புரை. அவ்வளவு தூரம் தெரியாது. “ஆமாம் அக்கா, அதுதான்” என்றேன்.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தாள். கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று, நாம்தான் கூண்டில் அடைத்துவைத்திருந்தோம் என்றாள். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தாளாம், வருகிற சனிக்கிழமை உடைத்துவிட வேண்டும் என்றாள். அந்த நாலு நாளும் என்னால் சரியாகத் தூங்க முடியவில்லை. நான் சொன்ன பொய்க்கு அவள் சாமிக்கு நன்றி சொல்லப் போகிறாள்.

சனிக்கிழமை காலை பழவங்காடியில் வழக்கம் போல நெரிசல். சபரிமலைக்குப் போகிறவர்கள் வேறு. ஒருவர் பின் ஒருவராகத் தேங்காயை வீசி உடைக்கும் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. கடையில் தேங்காயை வாங்கித் தட்டிப் பார்த்து, அக்கா வரிசையில் நின்றாள். எங்கள் முறை வருவதற்கு இரண்டு பேர் பாக்கி. அப்போது அவள் கையைப் பிடித்தேன்.

“அக்கா, நீங்கோ காட்டினது நம்ம தத்தை இல்லை.”

அவளுக்குக் கேட்டது. “அப்போ நம்மளோடது?”

“கீழே மூலையில இருந்துது. நெஞ்சுல இறகு இல்லை. நான் கண்டேன். சொல்லலை.”

வரிசையை விட்டு வெளியே வந்தோம். பூக்கடை ஓரத்தில் நின்று மீதியையும் சொன்னேன். திங்கட்கிழமை ஃபோன் வந்ததையும், உடனே சரி சொன்னதையும், அனுமதிக் கடிதம் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று நினைத்ததையும் சொன்னேன். பாறையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அது எனக்கே பிடிக்கவில்லை. அழுகிறவளைத் தேற்ற வேண்டிய வேலையும் அவளுக்கு வந்துவிடுமே.

அவள் தேற்றவில்லை. “அந்தப் பேப்பர்ல திங்கக்கிழமை தேதி போட்டிருந்துது” என்றாள். “அப்போவே வாசிச்சேன். மூணு நாள் இருந்துது உனக்கு. ஒரு நாள் முன்னாடி பறஞ்சிருந்தா, நானே கொண்டுபோய்க் குடுத்திருப்பேன். அவா எதுக்கு வரான்னு தெரியாம காப்பி போட வெச்சாயே, அதுதான் எனக்கு ஆறலை.”

தேங்காயை என் கையில் வைத்தாள். “நீ உடை. எனக்கு இப்போ ஒண்ணும் வேண்டிக்கத் தோணலை.”

மறுபடி வரிசையில் நின்று நான் உடைத்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் எதிரில் நின்ற கரமனை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதில் பையை வைத்திருந்தாள். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இழுத்துக்கொண்டே போன அனுமதிக் கடிதம் அந்த வாரம்தான் வந்தது. அதைத் திருப்பி அனுப்பி, பாறையில் நடந்ததை உள்ளபடி எழுதினேன். கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும் எழுதினேன். அதிகாரி ஃபோன் செய்து, டீச்சர் இதை எழுதித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார். எழுதிவிட்டேனே என்றேன். ஃபைலில் சேர்க்கிறேன் என்றார். கல்லூரியில் சிலர் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒருவர், இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான், வெளியே சொல்லி டிபார்ட்மென்டுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்துவிட்டீர்கள் என்றார். யாருக்குப் பயந்து நான் பாறையை வழித்தேனோ அந்தப் பல்கலைக்கழகத்துக்காரரும் கூப்பிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். உலர்ந்த பாசி சில சமயம் ஈரம் பட்டால் உயிர் பிடிக்கும், இரண்டு பொட்டலம் அனுப்ப முடியுமா என்றுதான் கேட்டார். நாலாக அனுப்பினேன். மூன்றில் பூஞ்சை படிந்துவிட்டது. ஒன்றில் பச்சையாக ஏதோ இழை ஓடுகிறது, அது நாம் தேடியதா வேறு ஏதாவதா என்று இப்போது சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்.

போனக்காட்டுப் பெண்ணிடமும் போய்ச் சொன்னேன். “நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும் டீச்சர், விடுங்கன்னு” என்றாள். தன் மேல் தப்பைப் போட்டுக்கொண்டது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்படியில்லை என்று எவ்வளவு சொல்லியும் அவள் கேட்கவில்லை.

அக்கா பழவங்காடியிலிருந்து வந்த மறுநாளே தனியாகப் பஸ் ஏறிக் காப்பகத்துக்குப் போனாள். காப்பாளரிடம் மூலையில் இருக்கும் கிளியைக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அவர் அதைப் பிடித்துச் சிறு கூண்டில் விட்டு முன்னால் கொண்டுவந்து வைத்தாராம். வெகுநேரம் அது அவளிடம் வரவில்லையாம். வந்தபோது விரலைக் கடித்துவிட்டது. கட்டுப் போட்ட விரலோடு வீட்டுக்கு வந்து இவ்வளவையும் அவளாகவே சொன்னாள். பழவங்காடிக்குப் பிறகு அவள் என்னோடு பேசியது அதுதான் முதல்.

அந்தக் கிளியைக் காட்டில் விட முடியாதாம். மனிதரைக் கண்டால் கிட்டே போகிறது. அங்கேயேதான் இருக்கும். இப்போது நெஞ்சில் இறகு பாதி முளைத்திருக்கிறதாம். அக்கா மாதத்தில் ஒரு சனிக்கிழமை போகிறாள். முதல் நாள் மாலையே பழம் நறுக்கி டப்பாவில் வைத்து, குடையும் தண்ணீரும் எடுத்துவைத்துவிடுவாள். காலையில் நான் பஸ் ஸ்டாப் வரை கூடப் போவேன், வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை. பஸ் வந்ததும் ஏறிக்கொள்வாள். நீயும் வா என்று இதுவரை கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.